கருந்துளையும் அக்காவின் முழங்காலும்

ஒன்பது வருடமாக நான் செய்த ஆராய்ச்சியை நாலு வரியில் சொல்லிவிடலாம். அதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு, தன்னோடு காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புலம் துளையின் வாசலில் சேர்ந்து சேர்ந்து வலுத்து, ஒரு கட்டத்தில் ஈர்ப்பையே எதிர்த்து நின்று, பின்னால் வரும் வாயுவை உள்ளே விடாமல் தடுக்கிறது. எவ்வளவு நேரம் தடுக்கும் என்பதுதான் என் கேள்வி.

நான் போடியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரமாகும், அன்றிலிருந்து அக்கா மலையேற வேண்டாம் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அதுவரை அவள் விடியுமுன் ஜீப் பிடித்து, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போவாள். ஏலச்செடி தரையோடு சரம் விட்டுக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஈர்ப்பு விசையைப் பற்றி என்னைவிட அவள் முழங்காலுக்கு அதிகம் தெரியும்.

போன வருடம் வேறு யாரோ என் விடையையே என்னைவிடச் சுத்தமாக எழுதி வெளியிட்டுவிட்டார்கள். "இன்னும் ஒரு அத்தியாயம் சேர்த்திடும்மா" என்றார் என் வழிகாட்டி, ரசத்துக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்வது போல. எனக்கு வெறுத்துப்போயிற்று. எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை; "எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில் ஆள் குறைவு என்று அவளோடு நானும் ஏறினேன். மலையில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். ஜீப்பை விட்டு இறங்கியதுமே கங்காணி பிடித்துக்கொண்டார்.

"ஒங்கக்கா இந்த ரவுண்டோட நின்னுக்கிறேன்னு சொல்லுது. படிச்சு முடிச்சிட்டயாமே தாயி?"

நாற்பது நாளைக்கு ஒரு முறை அதே செடிகளுக்குத் திரும்பி வந்து காய் எடுப்பது ஒரு ரவுண்டு. கடைசி நாள் சாயங்காலம், அடுத்த ரவுண்டுக்கு வருகிறவர்கள் பேர் கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

மத்தியானம் வரை காயை உருவி உருவிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையில் கவனம் இல்லை. அக்கா என் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பாதி பிஞ்சு. முத்தினதை மட்டும் எடுத்து, பிஞ்சை அடுத்த ரவுண்டுக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது இந்த மலையில் யாருக்குத்தான் தெரியாது?

"என்னடி பாப்பா, அடுத்த ரவுண்டுக்கு உள்ளதையும் சேத்து உருவிட்டு வந்திருக்க? மனசு எங்க இருக்கு?"

சொல்லிவிட்டேன். வெளியான விடை, வழிகாட்டி கேட்ட அத்தியாயம், என் அலுப்பு எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிஞ்சுகளைத் தனியே பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் காந்தம் தடுக்கும்னியே, தடுத்துச்சா இல்லையா?"

"தடுக்கும்க்கா. ஆனா கொஞ்ச நேரந்தான். அப்புறம் இடுக்கு வழியா கட்டி கட்டியா உள்ள விழுந்துரும்."

"காந்தம் அந்தத் துளையோடதா?"

"இல்லக்கா. துளைக்குன்னு சொந்தமா காந்தம் கெடையாது. சுத்தி நிக்கிற வாயு புடிச்சு வச்சிருக்கிற வரைக்கும்தான். அது வெலகிட்டா காந்தமும் போயிரும்."

சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடமும் என்னைத் தாங்கிப் பிடித்தவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பொறுக்கிய பிஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வெரசா எடு, சோலியப் பாப்போம்" என்றாள்.

சாயங்காலம் கங்காணி பேர் எழுத வந்தார். அக்கா என் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறைதான் நிமிர்ந்தாள்.

"அண்ணே, அடுத்த ரவுண்டுக்கு எம்பேரையும் போட்டுக்கங்க."

"நிக்கப்போறேன்னியே ஆத்தா?"

"இவளுக்கு இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்காம்" என்றாள் அக்கா.