அக்கா மாமியாருக்கு வாங்கின வஞ்சிரம்

மடியில தெர்மாகோல் பெட்டி... அதுல இருந்து ஐஸ் தண்ணி சொட்டிச் சொட்டி பேன்ட் முழுக்க நனைஞ்சிடுச்சு. கள்ளக்குறிச்சியில இருந்து வடக்கனந்தல் வர்ற வரைக்கும் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டே வந்தாரு.

நான் அப்போ கள்ளக்குறிச்சியில ஒரு மொபைல் கடையில வேலை. அக்கா கடலூர் துறைமுகத்துப் பையனை லவ் மேரேஜ் பண்ணியிருந்தா. கல்யாணத்துக்கே வராத மாமியார், அன்னைக்குத்தான் முதல் தடவையா எங்க வீட்டுக்கு வர்றாங்க.

மீனுலயே பிறந்து வளர்ந்தவங்க. அதனால "வஞ்சிரமே வாங்கிட்டு வா"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அக்காவுக்கு முந்தின நாள்ல இருந்தே சோறு இறங்கல. இந்த விருந்து சொதப்பினா மாமியார் தன்னை எப்பவுமே ஏத்துக்க மாட்டாங்கன்னு அவளுக்கு பயம்.

எங்க ஊர்ல மீனுன்னா ஏரி மீன்தான். சாம்பல் போட்டு கல்லுல தேய்ச்சா செதில் பறக்கணும். அம்மா வஞ்சிரத்தையும் அப்படியே தேய்ச்சாங்க... தேய்க்கத் தேய்க்க வழவழன்னு இருக்கே தவிர, ஒரு செதில் விழல.

எதிர் வீட்டு சித்தி எட்டிப் பார்த்தாங்க. "இன்னாக்கா இது, செதிலே காணோம்? கெளுத்தி மாதிரி எதுனா தலையில கட்டிட்டானா?"

அவ்ளோதான். அம்மா முகம் செத்துப்போச்சு. மீனை அன்னக்கூடையில போட்டு, மேல ஐஸைக் கொட்டி, தட்டால மூடி கிணத்தடியில வச்சாச்சு. அப்பா சேவலைத் துரத்த ஆரம்பிச்சாரு.

அத்தை வந்தாங்க. அக்கா மாமியாரை நான் அத்தைன்னுதான் சொல்லுவேன். சேர் நுனியில உட்கார்ந்தாங்க, பாதி டீயைக் குடிச்சிட்டு மீதியை வச்சுட்டாங்க. கால் கழுவ கிணத்தடிக்குப் போனவங்க... திரும்பி வரவே இல்ல.

போய்ப் பார்த்தா, பூனை தட்டைத் தள்ளிவிட்டிருக்கு. அத்தை கையில மீன்!

"இத்த எதுக்கு இங்க மூடி வச்சிக்கினு இருக்கீங்க?"

கதவோரமா நின்ன அக்கா அழவே ஆரம்பிச்சுட்டா. அம்மா உள்ளதைச் சொல்லிட்டாங்க. "வஞ்சிரம்னு சொல்லி ஏமாத்திட்டான்ங்க. தேச்சா செதிலே வரல. உங்களுக்கு எப்டி இத்த ஆக்கிப் போடறதுன்னு..."

அத்தை சிரிக்கல. செவுளைத் தூக்கி சிவப்பா இருக்கான்னு பார்த்தாங்க. மீன் பக்கவாட்டுல ஒரு கோடு ஓடும், அதை விரலால தடவிக்கிட்டே போனாங்க.

"வஞ்சிரம்தாங்க. நேரா வந்த கோடு, முதுகுத் துடுப்பு முடியற எடத்துல கீழ எறங்குது பாருங்க. வெலாவுல நெளிநெளியா பட்டை. பல்லு கத்தியாட்டம் இருக்குது, சின்ன மீனுங்கள வெரட்டிப் புடிச்சித் துன்றதுங்க இது. செதிலு இல்லாம இல்ல... ரொம்பப் பொடிசு, கைக்குத் தெரியாது. இத்தப் போயி கல்லுல தேய்ப்பாங்களா?"

அம்மாவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. எனக்கும்தான். அப்பா பிடிச்ச சேவலை விட்டுட்டாரு.

அத்தை புடவையை இழுத்துச் செருகிட்டு அருவாமனை முன்னாடி உட்கார்ந்தாங்க. நடுவுல மட்டும் முள்ளோட, வட்ட வட்டமா துண்டு விழுது. அதுவரைக்கும் எங்கம்மாவை எந்த முறை சொல்லியும் கூப்பிடாதவங்க, தலையைத் தூக்காமலே கேட்டாங்க. "அண்ணி, மஞ்சத்தூளு எங்க?"

அக்காதான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தா. ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் அவ சிரிச்சுப் பார்த்தேன்.

இப்போ கடலூர் மீன் வண்டி எங்க தெருவுக்கே வருது. அம்மா மீனைப் புரட்டிப் பார்க்கிற தோரணையில வண்டிக்காரரே அசந்துபோறாரு. அப்படியும் மீனை போன் கேமராவுல காட்டி அத்தைக்கு ஒரு வீடியோ கால் போட்டுடுவாங்க. பேச்சு மீனைத் தாண்டி எங்கெங்கேயோ போகும், வண்டிக்காரர் பாவம் நின்னுக்கிட்டே இருப்பாரு.

"உனக்குத்தான் நல்லா தெரியுதேம்மா, அப்புறம் எதுக்கு அவங்கள கேக்கற?"ன்னு போன வாரம் கேட்டேன்.

"மீனு தெரியும்டா... அவங்க கொரலைக் கேக்க வேணாமா?"ன்னாங்க.