போலீஸ் பாஸ் செய்த மஞ்சள்

1. ஷேடு தகராறு

திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கும் தைக்கிற ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை அது. இப்போது புதிதாகச் சேர்கிற பிள்ளைகள், "ஷேடு அப்ரூவல் எப்படிக்கா வாங்குறது?" என்று கேட்கிறார்கள். நிறம் சரி என்கிற அந்த ஒப்புதல் எனக்கு ஒருமுறை கடலில், போலீஸ் முன்னிலையில் கிடைத்தது. அதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். பெருமாநல்லூர் பக்கம் எங்கள் கம்பெனி. முதலாளி செல்லமுத்து அண்ணன். லூக்கா என்று ஒரு இத்தாலிக்காரர் மஞ்சள் நிறத்தில் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். சாம்பிள் துணியில் சாயம் பார்த்து ஓகே சொன்னவரும் அவர்தான். மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றி, தைத்து முடித்து, ஒரு பீஸ் அனுப்பினோம். "இது மஞ்சள் இல்லை, ஆரஞ்சு" என்று மெயில் வந்தது.

ஷேடு பார்ப்பதற்கென்றே இருக்கிற லைட் பாக்ஸில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மஞ்சள்தான். லூக்கா அதைத் தன் கடையின் அலங்கார விளக்குக்கு அடியில் பார்க்கிறார். அந்த வெளிச்சத்தில் நான் நின்றாலே ஆரஞ்சாகத்தான் தெரிவேன். ஆனால் பையரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவர் வேண்டாம் என்றால் அத்தனை பீஸும் கழித்த துணி விற்கிற காதர்பேட்டைக்குக் கிலோ கணக்கில் போகும். அந்த சீசனுக்கு வேறு ஆர்டரும் இல்லை. தையல் லைனை நிறுத்தியாக வேண்டும். அதில் பாதிப்பேர் மதுரை, தேனிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து வாடகை வீட்டில் இருந்தவர்கள்.

"மெயில்ல சண்டை போட்டா ஆவாது அம்மிணி. நேர்ல போயிப் பேசிப்போடலாம்" என்றார் முதலாளி.

2. மஞ்சள் கொடி எங்கே?

இத்தாலியில் கடலோர ஊரில் இருந்த லூக்காவின் கடையில் உட்கார்ந்து இரண்டு நாள் பேசினோம். அவர் பிடிகொடுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் குரோஷியாவிலும் அவருக்கு ஒரு கடை உண்டு. அதையும் பார்ப்பதாக இருந்ததால் அந்த நாட்டு விசாவும் எடுத்திருந்தோம். "பஸ் எதற்கு? என் படகிலேயே போகலாம்" என்றார் லூக்கா. கோபத்தில் இருக்கிற பையர் சிரித்துக்கொண்டு கூப்பிட்டால் மறுக்கக் கூடாது.

விடுமுறையில் ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருந்த பாய்மரப் படகு அது. ஏறியதும் ஆளுக்கொரு ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். முதலாளி வெள்ளைச் சட்டைக்கு மேல் அதை மாட்டி, வாரை எல்லாம் இறுக்கி, கம்பியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். "நானு வாய்க்கால்லயே எறங்குனதில்லீங்க" என்று லூக்காவிடம் தமிழிலேயே சொன்னார். லூக்கா "யெஸ், யெஸ்" என்றார்.

குரோஷியக் கரை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் நீல விளக்கு சுழல ஒரு போலீஸ் படகு வந்து பக்கத்தில் நின்றது. ஒரு அதிகாரி எங்கள் படகுக்குத் தாவினார். பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "மஞ்சள் கொடி எங்கே?" என்றார்.

லூக்கா எங்களுக்கு விளக்கினார். இன்னொரு நாட்டுக் கடலுக்குள் நுழைகிற படகு மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். "வெளியிலிருந்து வருகிறேன், இன்னும் சோதனை ஆகவில்லை, வந்து பாருங்கள்" என்று அதற்கு அர்த்தம். கொடி இல்லாவிட்டால் திருட்டுத்தனமாக நுழைவதாக அர்த்தம். சொல்லிக்கொண்டே பெட்டிகளை எல்லாம் கவிழ்த்தார். மனைவி துவைக்க எடுத்துப் போயிருப்பாள் என்றார்.

அதிகாரி இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொடி இல்லை என்றால் படகைப் பிடித்து வைப்போம், உங்களைத் திருப்பி அனுப்புவோம் என்றார். படகைப் பறிகொடுத்த பையர் எந்த ஷேடையும் ஓகே செய்ய மாட்டார்.

"அம்மிணி, பையில நம்ம பீஸ் இருக்குதா?" என்று கேட்டார் முதலாளி.

3. அப்ரூவல்

இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை சைஸ். எடுத்து நீட்டினேன். லூக்கா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார். காற்று புகுந்து சட்டை உப்பியது.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார்.

"கொடிக்கு எதற்குக் கை?"

"டி-ஷர்ட்" என்றேன்.

"கை இருக்கட்டும். கொடி மஞ்சளாக இருக்க வேண்டும். இது ஆரஞ்சு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

லூக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. முதலாளியின் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து அதிகாரிக்கு முன்னால் நிறுத்தினார். "ஆரஞ்சு என்றால் இது! அது மஞ்சள்! வாழ்நாள் முழுக்கத் துணி விற்கிறேன், எனக்கு மஞ்சள் தெரியாதா?"

அதிகாரி ஜாக்கெட்டைப் பார்த்தார். மேலே பார்த்தார். முதலாளி அவர் வசதிக்காக ஒருமுறை திரும்பியும் நின்றார்.

"சரி, மஞ்சள்தான்" என்றார் அதிகாரி.

துறைமுகத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியதும் லூக்கா சட்டையை இறக்கினார். "சூடு ஆறறதுக்குள்ள கையெழுத்து வாங்கிப்போடு அம்மிணி" என்று முணுமுணுத்தார் முதலாளி. பேனாவை நீட்டினேன். லூக்கா என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கழுத்துப் பட்டிக்குக் கீழே ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் தையல் லைன் ஆட்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் சாயப்பட்டறை மாஸ்டர் ஓடி வந்தார். "எப்படீங்க பாஸாச்சு?"

"போலீசுக்காரரு பாத்து ஓகே பண்ணுனாருங்க" என்றார் முதலாளி.

பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். மஞ்சளைத் தனியாகக் காட்டி இது மஞ்சளா என்று பையரிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஆரஞ்சையும் வையுங்கள்.

அந்த லைஃப் ஜாக்கெட்டை முதலாளி லூக்காவிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டார். எங்கள் சாம்பிள் ரூமில் லைட் பாக்ஸுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. மஞ்சள் ஷேடில் யாராவது பையர் தகராறு செய்தால் முதலாளி பதில் பேச மாட்டார். எழுந்து போய் அதை மாட்டி, வாரை எல்லாம் இறுக்கிக்கொண்டு, பையருக்கு முன்னால் வந்து நிற்பார்.