இரத்தம் குறைவு என்று சொன்ன மிஸ்

மிளகு போட்டுப் பிரட்டிய ஈரலின் வாசனை வந்தால் போதும், எனக்கு எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸின் ஞாபகம் வந்துவிடும். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் மாம்புரியில், கணவரின் வீட்டில், நான்கு மாதக் கர்ப்பிணி. கட்டாரிலிருந்து வந்த கணவர் அடுத்த விசாவுக்காகக் காத்திருந்தார். கிளினிக்கில் எல்லாருக்கும் எடுப்பது போல எனக்கும் இரத்தம் எடுத்திருந்தார்கள்.

மிஸ் பக்கத்து ஊரான உடப்பைச் சேர்ந்தவர். அவருடைய ஸ்கூட்டி வாசலில் நின்றால், கணவரின் தாயான மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அன்று மிஸ் தண்ணீர் கேட்டு மாமியை உள்ளே அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் சொன்னார்: "தங்கச்சி, இரத்தத்தில சிபிலிஸ் இருக்கு. பாலியல் நோய். ஊசி போட்டா மாறும், போடாட்டிப் பிள்ளைக்கும் போகும். அவரும் வந்து செக் பண்ணோணும்." தண்ணீரோடு வந்த மாமி "என்னவாம்?" என்றார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ்தான் சொன்னார்: "இரத்தம் குறைவு உம்மா. கிழமைக்கு ஒரு ஊசி போடோணும்."

அந்தப் பொய்க்குள் நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த நாளே மாமி ஈரல் சமைக்கத் தொடங்கினார். காலையில் ஈரல், பகலில் முருங்கையிலை, பின்னேரம் பேரீச்சம்பழம். பாவம், அவ்வளவும் பாசத்தோடு. எதிரே இருந்து சாப்பிட்ட கணவரை எனக்குக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது. அறைக்குள் கேட்டபோது அவர் கிசுகிசுத்தார்: "வல்லாஹி, சத்தியமா, அங்க ஒருத்தியோட வாயால மட்டுந்தான் புள்ள. அதுல எப்படி நோய் வரும்?" நோகாத ஒரு புண் வந்து தானாகக் காய்ந்ததாம், மறந்துவிட்டாராம். செக் பண்ண மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் கண்டால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். கத்தி அழவும் எனக்கு வழியில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி படுத்திருந்தார்.

கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டார். "கிருமிக்கு வாயும் வழிதான் தங்கச்சி. புண் மாறினாலும் கிருமி இரத்தத்தில இருக்கும். செக் பண்ணாமத் தெரியாது." அந்தக் கிழமையே வீட்டுக்கு வந்து மாமியிடம், "பிள்ளைட வாப்பாட இரத்தத்தையும் பாக்கோணும் உம்மா, பிள்ளைக்கு நல்லம்" என்றார். அதில் பொய்யே இல்லை. மாமி மகனைப் பிடித்துக்கொண்டார்: "பொறக்கப்போற புள்ளைக்காகக் கொஞ்சம் ரத்தம் குடுக்க ஏலாதா ஒனக்கு?" கணவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவருக்கும் அந்த நோய் இருந்தது. இருவரும் ஊசி போட்டோம். மகள் சுகமாகப் பிறந்தாள். மிஸ் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்.

கணவர் இன்னும் கட்டாரில்தான். ஒவ்வொரு லீவிலும் முதலில் இரத்தம் பார்த்துவிட்டுத்தான் என் அறைக்குள் வரலாம். அவர் திரும்பிப் போனபின் நானும் பார்க்கிறேன். அவரை விட்டுவிட்டுப் போகத் துணிவு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏன் என்று கேட்கும் மாமியிடம் அதே பழைய பதில்தான்.

வெள்ளிக்கிழமை அவர் வருகிறார். மாமி இன்றே இறைச்சிக்கடையில் எனக்காக ஈரலுக்குச் சொல்லிவிட்டார். நான் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். இப்போதெல்லாம் பதினொரு வயது மகளும் ஈரல் கோப்பையை என் பக்கம் தள்ளுகிறாள்: "தின்னுங்க உம்மா, ஒங்களுக்கு ரத்தம் குறைவுதானே?"