மலர்விழியின் இதயத்தில் ஒளிந்திருந்த ஓட்டை

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையில் வேலை பார்த்த காலத்தில் என்னால் மறக்கமுடியாத நோயாளி மலர்விழி. நாற்பதைத் தாண்டியவர், பஸ் ஓட்டுநர். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் நடைமேம்பாலப் படி ஏறும்போது மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்று கணவர் குமார் எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிவந்திருந்தார். பல வருடங்களாக மூச்சிரைப்பை ஆஸ்துமா என்றே நினைத்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தாராம்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவி, ஸ்கேன் கருவியின் புரோபை நெஞ்சில் வைத்தேன். இதயத்தின் வலப்பக்கம் நன்றாகப் பெருத்திருந்தது. அப்படியிருந்தால் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறதா என்று தேடுவோம். வழக்கமான கோணங்களில் எல்லாம் பார்த்தேன். சுவர் முழுசாகத்தான் தெரிந்தது.

“அக்கா, ஹார்ட்ல ஏதாச்சும்னு எழுதிடாதீங்க லா. லைசன்ஸ் போயிடும். பஸ் ஓட்டாம என்னால இருக்க முடியாது,” என்றார் மலர்விழி.

“என்னன்னு தெரிஞ்சாத்தாம்மா சரிபண்ண முடியும்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் நிர்மலாவைக் கூப்பிட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். “சும்மா இப்படிப் பெருக்காது. பபிள் டெஸ்ட் பண்ணிடுவோமா?”

கை நரம்பில் நுரைத்த உப்புநீரை ஏற்றினோம். இதயத்தின் வலப்பக்கம் வெள்ளைப் புள்ளிகளால் நிரம்பியது. ஓட்டை இல்லையென்றால் அவை உடனே இடப்பக்கம் போக வழியில்லை. போயின. டாக்டர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “இருக்கு! எங்கன்னு பிடிச்சிடலாம்!”

பிறகு உணவுக்குழாய் வழியே எடுத்த ஸ்கேனில் அது அகப்பட்டது. உடலின் மேற்பகுதி ரத்தத்தைக் கொண்டுவரும் பெருநாளம் இதயத்தில் சேரும் இடத்தில், சட்டென்று கண்ணில் படாத மூலையில் இருந்தது. நுரையீரலிலிருந்து வரும் ஒரு நாளமும் தவறான பக்கத்தில் சேர்ந்திருந்தது. பிறவியிலேயே வந்த அபூர்வக் கோளாறு. அறுவை சிகிச்சையில் ரத்தத்தைச் சரியான பக்கம் திருப்பி, ஓட்டையை அடைத்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இதயம் பெருத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அது கிடைக்கும்வரை தேடுங்கள். தனியாக முடியாவிட்டால் தயங்காமல் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த வருடம் மலர்விழி மறுபரிசோதனைக்கு வந்தார். வலப்பக்கம் சுருங்கி, இயல்பான அளவுக்கு வந்திருந்தது. “சூப்பர்மா!” என்று கத்தியேவிட்டேன்.

“பஸ்?” என்று கேட்டேன்.

“போன மாசத்துலேர்ந்து ஓட்டுறேன் அக்கா!”

அப்போதுதான் குமார் மூச்சு வாங்க உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தார். “எம்ஆர்டி ஸ்டேஷன்லேர்ந்து இவ பின்னாடி ஓடிவர்றேன். கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க லா!”