வெர்னா முன்னால் நடந்தாள்

வெர்னா கிரான்மருக்கும் அவள் தங்கை ஆர்லீனுக்கும் இடையில் குத்தல் இல்லாத பேச்சு ஒன்றை நான் கேட்டதே கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரை விட்டு ஒருவர் இருந்ததும் கிடையாது. ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார்கள். புருஷன்மார் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு சனிக்கிழமைதோறும் சேர்ந்து நடக்க வந்தார்கள். கூட அவர்கள் தோழிகள், நானும் பெவ்வும்.

நாங்கள் நடந்தது மஞ்சள் பாதை. பைன் காட்டுச் சரணாலயத்தில் இருப்பதிலேயே சுலபமான பாதை அதுதான். ஏற்றம் கிடையாது, வெள்ளை மணல், வழி காட்ட மரத்துக்கு மரம் மஞ்சள் பெயிண்ட் பட்டை. ஊரிலிருந்து வேட்டைக்குப் போகிற ஆண்கள் அதைக் 'குழந்தை வண்டி ரோடு' என்று கேலி செய்வார்கள். வெர்னா எப்போதும் முன்னால் நடப்பாள். பருத்த உடம்பு, பெரிய குரல். திரும்பிப் பார்க்காமலே எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு போவாள்.

அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்திக்கும் அவள் அதைச் சொல்லவில்லை. ஆர்லீனுக்கு மட்டும் தெரியும்.

"காரை வித்துடுடி. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஆர்லீன் சொன்னாள்.

"உன் வண்டியில ஏறுறதுக்குப் பதிலா நான் முட்டி போட்டுத் தவழ்ந்தே போவேன். சிகரெட் நாத்தம்."

"கண்ணு தெரியாத கழுதை."

"தெரியுதுடி. உன் மீசைகூடத் தெரியுது."

இப்படித்தான் அது ஒவ்வொரு தடவையும் முடியும்.

அந்தக் குளிர்காலத்தில் வெர்னா பெவ்வின் நாய்மேல் காரை ஏற்றிவிட்டாள். பெவ் வீட்டு வாசலிலேயே. வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிப் போய்விட்டாள். ஜன்னலில் நின்ற பெவ் எல்லாவற்றையும் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை வெர்னா எங்களிடம், "மான் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு, பம்பர் போச்சு" என்றாள். பெவ் தலையைக் குனிந்துகொண்டாள். ஆர்லீன் பெவ்வின் முகத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், சிகரெட்டை மிதித்து அணைத்தாள்.

ஏப்ரலில் மழை வெள்ளம் ஓடைப் பாலத்தை அசைத்துவிட்டது. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நாலைந்து பலகைகள். சரணாலயத்து ஆட்கள் அதைக் கழற்றி எடுத்துவிட்டுக் குறுக்கே ஒரு மரத்தடுப்பு வைத்திருந்தார்கள். ஆர்லீன் முந்தின நாளே போய் அதைப் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை காலை எங்களுக்கு முன்பே வந்து, தடுப்பை இழுத்துப் புதருக்குள் போட்டுவிட்டுத்தான் வண்டி நிறுத்துமிடத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டாள். அதைப் பிற்பாடு அவளே சொன்னாள், கொஞ்சமும் கூசாமல்.

நான் அன்றைக்குக் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். சீடர் மரங்களின் நிழலில் ஓடைத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் கிடக்கும். ஈர மண்ணா தண்ணீரா என்று நல்ல கண்ணுக்கே சந்தேகம் வரும். வெர்னா தன் மைத்துனன் பல்செட்டைத் தொலைத்த கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தாள். எனக்கு முன்னால் நடந்த பெவ், அவளை எச்சரிக்க வாயைத் திறந்தாள். ஆர்லீன் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பெவ் வாயை மூடிக்கொண்டாள்.

வெர்னா கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடைக்குள் போனாள்.

மூழ்கி எழுந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கண்ணாடி போய்விட்டது. தலைமுடி முகத்தில் ஒட்டிக்கிடந்தது. குளிரில் தாடை ஆட, எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் கையை நீட்டித் துழாவினாள்.

"பாலம் எங்கடி?" என்று கரையில் நின்ற ஆர்லீன் கேட்டாள். "மீசை தெரிஞ்ச கண்ணுக்குப் பாலம் இல்லாதது தெரியலையா?"

"ஆர்லீன், கையைக் குடு."

"முதல்ல சொல்லு. மானா, நாயா?"

வெர்னா முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள்.

"சொல்லுடி. பெவ் இங்கதான் நிக்கிறா. மானா, நாயா?"

"நாய்" என்றாள் வெர்னா.

பெவ் அழ ஆரம்பித்தாள்.

"சாவியைக் குடு. அப்புறம் கை."

வெர்னா கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். குரல் வந்த பக்கம் ஒருமுறை நீட்டினாள். பிறகு தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்தாள். அது ஓடைக்குள் எங்கேயோ விழுந்தது. நானும் பெவ்வும்தான் இறங்கி அவளைத் தூக்கினோம்.

அதோடு எங்கள் சனிக்கிழமை நடை நின்றது. வெர்னா மட்டும் நிறுத்தவில்லை. அவள் வீடு சரணாலயத்து ஓரத்திலேயே இருந்தது. புதுப் பாலம் போட்டதும் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தினமும் மஞ்சள் பாதையில் தனியாகப் போய்வந்தாள். தனியாக என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். ஆர்லீன் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே நடந்தாள், ஒரு வார்த்தை பேசாமல். மணலில் காலடி கேட்காது. ஆனால் சிகரெட் வாடை வரும்.

"பின்னால வர்றது கரடின்னா வா, சேர்ந்து போவோம்" என்று வெர்னா காட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள். "ஆர்லீன்னா வீட்டுக்குப் போ."

ஆர்லீன் போகவில்லை. கோடை முழுக்க இப்படியே நடந்தது.

அக்டோபரில் ஒருநாள் ஆர்லீன் வேர் தடுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த அலறலைக் கேட்டு வெர்னா நின்றாள்.

"வெர்னா! எந்திரிக்க முடியலடி!"

வெர்னா திரும்பவில்லை.

"அக்கா!"

பிறந்ததிலிருந்து ஆர்லீன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லையாம். வெர்னா கம்பைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாதை முடிகிற இடத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டாள். மழை பிடித்தது. அவள் நகரவில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வந்த சரணாலயக் காவலாளி ட்வைட், "நடை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு" என்றாள். அவன் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் கம்பைத் தூக்கி ஆட்டினாள்.

"தம்பி, உள்ள என் தங்கச்சி விழுந்து கிடக்கா."

ஆஸ்பத்திரிக்கு வெர்னாவைக் கூட்டிப்போனது நான். கட்டிலில் ஆர்லீன் காகிதம் போல வெளுத்துக் கிடந்தாள். மழையில் கிடந்ததில் சளி நெஞ்சில் இறங்கியிருந்தது.

"எவ்வளவு நேரம்டி உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டாள்.

"சாண்ட்விச் முடியற வரைக்கும்."

"அதுக்கு அவ்வளவு நேரமா?"

"மெதுவாத்தான் சாப்பிட்டேன்."

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்து, இருமலாகி, நர்ஸ் ஓடிவந்தாள். மன்னிப்பு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வெர்னா கட்டில் விளிம்பைத் தேடிப் பிடித்து, மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆர்லீன் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. முதியோர் இல்லத்தில் குளிர்காலத்தைத் தள்ளினாள். ஞாயிறுதோறும் நான் வெர்னாவைக் கொண்டுபோய் விடுவேன். ஒருத்தி கண்ணை வைத்தும் ஒருத்தி காலை வைத்தும் மாறி மாறித் திட்டிக்கொள்வார்கள். மார்ச் கடைசியில் அந்த நெஞ்சுச் சளியே ஆர்லீனைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கத்தன்று தேவாலயத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வெர்னா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் கண்ணு விஷயத்துல அவ சொன்னது சரி" என்றாள். "வேற எதுலயும் இல்ல." உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள், "அவ முகம் எப்படி இருந்துச்சு? எனக்குத் தெரியல."

"அமைதியா இருந்துச்சு. உதட்டுக்கு ரோஸ் கலர் பூசி விட்டிருந்தாங்க."

"ரோஸா? ஆர்லீனுக்கா?"

"ஆமாம். கொஞ்சம் அதிகமாவே."

வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். "அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது" என்று தொடையைத் தட்டினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கதவைத் திறந்து கையை நீட்டினேன். இறங்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.