காயும் என்றார் மிஸ்ஸி

சீனி வருத்தம் வாப்பாவின் பாதங்களை எப்போதோ மரத்துப்போகச் செய்திருந்தது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்து முகாமில் இருந்துவிட்டுச் சிலாவத்துறைக்குத் திரும்பிய வாரம், பற்றைக்காடாய்க் கிடந்த எங்கள் வளவில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். “சொந்த மண்ணுல என்னத்துக்குச் செருப்பு?” என்றார். உடைமுள் ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. பாயில் சீழ்க் கறையை நான்தான் முதலில் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் மிஸ்ஸி புண்ணைக் கழுவி, குழைவான மருந்தைப் பூசி, ஈரத்துணி வைத்துக் கட்டினார்.

“அடுத்த கிழமை நான் பாக்கும்வரைக்கும் கட்டை அவிழ்க்காதீங்கோ. காலைக் கீழ ஊண்டவும் வேண்டாம். கவனமா இருந்தா இது காயும்.”

காயும். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. நான் கருவாடு போட்டு வளர்ந்தவள். ஈரம் நின்றால் புழு வைக்கும், காய்ந்தால் கெடாது. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். ஈரத்தை வைத்துக் கட்டினால் புண் எப்படிக் காயும்? பெரிய மேதாவி மாதிரி, வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்தேன். முற்றத்தில் கதிரை போட்டு, வாப்பாவின் காலை மீன்பெட்டிமேல் தூக்கி வைத்து, வெயிலும் கடற்காற்றும் படவிட்டேன்.

“என்ட மகள்தான் டொக்டர்,” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் வாப்பா.

சில நாளில் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். புண்தான் காய்ந்துவிட்டதே என்று இரண்டு கிளினிக் போகாமல் விட்டோம். மூன்றாம் கிழமை நாற்றம் வந்த பிறகுதான் ஓடினோம்.

மிஸ்ஸி பொருக்கை நீக்கினார். கீழே எலும்புவரை அழுகியிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஆர் இந்தக் கட்டை அவிழ்த்தது?”

நான் குனிந்து வாப்பாவின் செருப்பை நேராக்கி வைத்தேன்.

“நான்தான் மிஸ்ஸி,” என்றார் வாப்பா. “மகள் வேணாமெண்டுதான் சொன்னவள்.”

ஐந்து வேளைத் தொழுகையை விடாத மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலை வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள். சொந்தக்கார ஆண்கள் கொண்டுபோய் ஊர் மையவாடியில் அடக்கினார்கள். இருபது வருடம் கேட்டுத் திரும்பிய மண்ணில் அவர் நடந்தது ஒரு கிழமைகூட இல்லை.

வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தந்த நாளில், வெட்டி மிஞ்சிய காலுக்கு மருந்து கட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று மிஸ்ஸி கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“என்ன மிஸ்ஸி இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க?” என்றார் வாப்பா. “என்ட மகள் இருக்கிறாள்தானே.”