பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் முதல் இடம்

எய்லிஃப் நல்ல மனுஷன். வடகோடிக் கடலோர ஊரான ஸ்கார்விக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆலையில் சால்மன் மீன் வெட்டுகிறவன். பக்கத்து வீட்டுக் கிழவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவர் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிவிட்டு வருவான். குடித்தால் பாடுவானே தவிர வம்புக்குப் போக மாட்டான். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் மட்டும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஹல்வார்.

ஹல்வார் அந்த வட்டாரத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். எய்லிஃபின் மனைவி யூருனோடு முன்பு ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன். பிறகு சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். அந்தச் சண்டை இல்லாததுதான் எய்லிஃபுக்கு ஆறவில்லை. ஒரு தட்டாவது உடைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

பனி தள்ளும் வண்டி தெருவில் போனால் ஒவ்வொரு வாசலிலும் முழங்கால் உயரத்துக்குப் பனி வரப்பு விழும். அதைத் திட்டிக்கொண்டே வாரிப் போடுவதில்தான் ஊருக்குப் பொழுது விடியும். யூருன் உண்டானதிலிருந்து எய்லிஃப் வாசலில் மட்டும் வரப்பு இல்லை. அங்கே வந்ததும் ஹல்வார் வண்டி முன்னாலுள்ள பனி தள்ளும் தகட்டை உயர்த்திக்கொண்டு போனான்.

“புள்ளத்தாச்சி இருக்கிற வீடுன்னா அப்படித்தான் செய்வான். எல்லாருக்கும் செய்வான்” என்றாள் யூருன்.

“ஓஹோ. உனக்கெப்படித் தெரியும்?”

“ஆறு வருஷம் கூட இருந்தேனே, தெரியாதா?”

போயேபோச்சு! அன்றைக்கு அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை என்று நாம் எழுதினால் அந்த ஊரில் சோறு ஏது என்பீர்கள். உருளைக்கிழங்கு இறங்கவில்லை.

ஜனவரியில் ஹம்மர்ஃபெஸ்ட் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இங்ரி என்று பெயர் வைத்தார்கள். லேசாக மஞ்சள் காமாலை கண்டதால் கூடக் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எய்லிஃபுக்கு ஒரே ஆசைதான். தன் பெண்ணைத் தானே, தன் காரில், ஒருத்தன் தயவும் இல்லாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஊருக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில் சாலையை மறித்துத் தடுப்பு இறங்கியிருந்தது. மேலே புயல். நடுப்பகலிலும் சூரியன் எட்டிப் பார்க்காத மாதம் அது. இப்படிப்பட்ட நாளில் யாரும் தனியாக மலை ஏற முடியாது. பனி வண்டி முன்னால் போக, காத்திருக்கும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர வேண்டும். முன்னால் போகிற விளக்கைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. விட்டுவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று, விளக்கைச் சிமிட்டவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பனி வண்டி திரும்பி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

கண்ணாடியைத் தட்டியது யார் என்கிறீர்கள்? அவனேதான்.

“பெட்ரோல் இருக்கா? கம்பளி இருக்கா?” என்று கேட்ட ஹல்வார், பின்சீட்டை எட்டிப் பார்த்தான். “அடடே, குட்டி வந்தாச்சா! எய்லிஃப், நீ எனக்குப் பின்னால முதல் ஆளா வா.”

“வேணாம். எல்லாரையும் மாதிரி வரிசையிலயே வரேன்.”

“உன்னைக் கேக்கலடா. கைக்குழந்தை இருக்கிற வண்டி முதல்ல வரணும்.”

யூருன் சிரித்துவிட்டாள். எவ்வளவு நேரம் சிரித்தாள் என்று எய்லிஃப் மனசுக்குள் அளந்து வைத்துக்கொண்டான்.

மலை ஏறினார்கள். கண்ணெதிரே ஹல்வார் வண்டியின் முதுகு, அவன் விளக்கு, அவன் ஒதுக்கிவிட்ட பாதை. அந்தப் பெரிய பக்கக் கண்ணாடியில் அவன் யூருனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறான் என்று எய்லிஃபுக்குத் தோன்றியது. அந்தப் புயலில் தன் மூக்கு நுனியே தெரியாது, பொண்டாட்டி முகமா தெரியும்? பொறாமைக்காரனிடம் இதையெல்லாம் யார் சொல்வது? எய்லிஃப் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினான். இடைவெளி விழுந்தது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினான்.

சடாரென்று காற்று அறைந்தது. எல்லாம் வெள்ளை. பனி வண்டியின் மஞ்சள் விளக்கைக் காணோம்.

“நிறுத்து” என்றாள் யூருன்.

“இந்தா, இந்த வளைவுலதான் இருப்பான். பிடிச்சிடலாம்.”

“எய்லிஃப், நிறுத்துன்னு சொல்றேன்ல!”

நின்றால் அவன் திரும்பி வருவான், வந்து காப்பாற்றுவான், ஊர் முழுக்கப் பேசும். அதை நினைத்தபடியே ஓட்டினான். வலது பக்கச் சக்கரம் பாதையை விட்டு இறங்கியது. கார் ஒருக்களித்துப் பனிக்குவியலில் புதைந்தது. புகைக்குழாய் மூடிக்கொண்டால் விஷக்காற்று உள்ளே வரும் என்று இன்ஜினை அணைக்க வேண்டியதாயிற்று. அணைத்த சற்றைக்கெல்லாம் குளிர் கதவைத் துளைத்தது.

யூருன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்வெட்டரைத் தூக்கிக் குழந்தையை வெற்று மார்போடு சேர்த்துக்கொண்டாள். எய்லிஃப் தன் கோட்டைக் கழற்றி இருவர் மேலும் போர்த்தினான். கையுறையைக்கூடக் கழற்றி அந்தச் சின்னக் கால்களில் மாட்டினான். ஹாரனை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

“வாடா ஹல்வார்” என்று வாய்விட்டே சொன்னான். “வந்து தொலைடா.”

ஹல்வார் வந்தான். பின்னால் விளக்கு தெரியவில்லை என்றதுமே வண்டியைத் திருப்பியிருந்தான். கதவுப் பனியை வாரிவிட்டுத் திறந்தான். “ஏன்டா நிக்கல?” என்று மட்டும் கேட்டான். அவன் வண்டியில் அவனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. யூருன் ஏறினாள். கீழே நின்று எய்லிஃப் தன் பெண்ணைத் தன் கையாலேயே ஹல்வாரின் கையில் கொடுத்தான்.

எய்லிஃப் ஏறியது பின்னால் வந்த, ஹீட்டர் வேலை செய்யாத மீன் லாரியில்.

“பொண்டாட்டியும் புள்ளையும் ஜம்முனு முன்னால போறாங்க, நீ என்கூட மீன் நாத்தத்துல வர்ற. நல்லாத்தான்யா ஓட்டியிருக்க” என்றான் லாரிக்காரன். எய்லிஃப் முன்னால் தெரிந்த அந்த மஞ்சள் விளக்கை இமைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தான்.

மலைக்கு அந்தப் பக்கத்துத் தடுப்புக்கு அருகே ஒரு காப்பிக் கடை. உள்ளே ஓடினான். யூருன் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். ஹல்வார் அடுப்போரம் உட்கார்ந்து, முழங்கையில் இங்ரியைக் கிடத்தி, ஒரு விரலை அவள் பிடித்துக்கொள்ளக் கொடுத்திருந்தான். குழந்தைக்கு உடம்பெல்லாம் கதகதப்பு, முகமெல்லாம் சிவப்பு. எய்லிஃபுக்கு உயிர் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது.

“குடு இப்படி.”

வாங்கியதுதான் தாமதம், குழந்தை வீறிட்டது. கடையே திரும்பிப் பார்த்தது. அவன் கை அப்படி ஜில்லிட்டுக் கிடந்தது. மார்போடு அணைத்தான், இன்னும் உரக்க அழுதாள், சட்டையும் ஐஸ்தான். ஹல்வார் வாங்கக் கை நீட்டவில்லை. யூருனும் எழுந்திருக்கவில்லை. சூப்புக் கரண்டியோடு கணவனையே பார்த்தாள்.

எய்லிஃப் தன் விறைத்த விரல்களைப் பார்த்தான். பிறகு குழந்தையை நீட்டினான்.

“பிடி. என் கை சில்லுனு இருக்கு. சூடாகிற வரைக்கும் நீயே வச்சிரு.”

ஹல்வார் கைக்குப் போனதும் அழுகை நின்றது. எய்லிஃப் கொதிக்கக் கொதிக்கக் காப்பி வாங்கினான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இருவரையும் விட்டுக் கண்ணை எடுக்காமல், கோப்பையை இரண்டு உள்ளங்கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சுட்டது. விடவில்லை.